எசப்பாட்டுக்கு விட்ட இடம்

பஹ்ரைனில், ஈசா டவுனில் நாங்கள் குடியிருந்த வீட்டில் ஏசி ஓடாத ஒரே நாள் வெள்ளிக்கிழமை. காரணம் வேறொன்றுமில்லை, அன்றைக்குத்தான் ஏசி மெக்கானிக் வருவார்.

வருகிறவர் அம்மாவின் தம்பி, என் தாய்மாமா. தொழிலாளர் கேம்ப்பில் குளித்து, தலையில் எண்ணெய் வழிய, இஸ்திரி போட்ட சட்டையில் புது மாப்பிள்ளை மாதிரி வந்து இறங்குவார். அம்மா சுட்டுப் போடும் தோசைகளை ஒரு கை பார்ப்பார். கை கழுவிய ஈரம் காய்வதற்குள் என் அறைக்குள் நுழைந்து ஏசியை அணைப்பார். ஜன்னலைச் சாத்தி, இடுக்கெல்லாம் போர்வையைத் திணிப்பார். ஹாலுக்கு வந்து அந்த ஏசியையும் அணைப்பார். கடைசியில் சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜின் பிளக்கையும் பிடுங்கிவிடுவார். அதுவும் பஹ்ரைன் கோடையில்! வெளியே தெருவில் ஈ காக்காய் இருக்காது. உள்ளே நாங்கள் இட்லிச் சட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி வெந்துகொண்டிருப்போம்.

“எல்லார் வீட்லயும் ஏசி நின்னுபோனா மெக்கானிக்கக் கூப்பிடுவாங்க. நம்ம வீட்ல மெக்கானிக் வந்தாத்தான் ஏசி நிக்குது” என்பார் அப்பா, ஈரத் துண்டை முதுகில் போட்டுக்கொண்டு.

“ஒரு மணி நேரம் பொறுங்க அத்தான். ஏசி சத்தம் கேசட்ல விழுந்துருது.”

அந்த ஒரு மணி நேரம் மதியத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை நீளும். பாங்குச் சத்தத்தை எந்தப் போர்வையாலும் அடைக்க முடியாது என்பதால்தான் எங்களுக்கு விடுதலையே கிடைத்தது. இல்லாவிட்டால் அந்த மனிதர் சாயங்காலம் வரை எங்களை அவித்திருப்பார்.

மாமா பாட்டுக்காரர். குளிக்கும்போது பாடுகிற ரகம் இல்லை, அட்டையில் பெயர் போட்டுக் கேசட் வந்த பாட்டுக்காரர். அருப்புக்கோட்டைப் பக்கம் பங்குனி, சித்திரை வந்துவிட்டால் அவரை வீட்டில் பார்க்க முடியாதாம். கோயில் மேடை ஒன்று விடாமல் ஏறியிருக்கிறார். உறுமிக்காரர் பக்கத்தில் நின்று நின்றே உறுமி வந்தது, பம்பைக்காரர் பக்கத்தில் நின்று பம்பை வந்தது. புல்லாங்குழலும் புல்புல்தாராவும் எப்போது கைக்கு வந்தன என்று அவருக்கே தெரியாது. பாட்டை அவரே கட்டுவார், மெட்டும் அவரே போடுவார். ஐ.டி.ஐ. படிப்பு மட்டும் அம்மா கையில் விளக்குமாற்றை எடுத்ததால் வந்தது. அந்தப் படிப்புதான் அவரை பஹ்ரைனுக்குக் கொண்டுவந்து கூரைகளின் மேல் ஏற்றி வெயிலில் காய வைத்தது.

ஊரிலிருந்து வரும்போது பெட்டிக்குள் ஓர் உடுக்கையும் புல்புல்தாராவும் மட்டும்தான் கொண்டுவர முடிந்தது. மற்றதையெல்லாம் இங்கேயே தேடிக்கொண்டார். ஏசிக்குள் போகும் செப்புக் குழாயில் வெட்டி மிஞ்சிய துண்டு அவருக்குப் புல்லாங்குழல் ஆயிற்று. பம்பைக்கு எங்கள் வீட்டுக் குடிதண்ணீர் கேன். அதில் தண்ணீர் பாதி இருந்தால் ஒரு சத்தம், காலியானால் வேறு சத்தம் என்பதால், மாமா பாட்டுக் கட்டிக்கொண்டிருக்கும் வாரங்களில் நாங்கள் இஷ்டத்துக்குத் தண்ணீர் குடிக்கக்கூட முடியாது. காலில் சலங்கை. கையில் அம்மாவின் எவர்சில்வர் தட்டும் கரண்டியும்.

அவரிடம் இரண்டு டேப்ரெக்கார்டர்கள் இருந்தன. முதலில் கேனைத் தட்டி ஒன்றில் பதிவார். அதை ஓடவிட்டுக் கூடவே குழல் ஊதி இரண்டாவதில் பதிவார். பிறகு அதை ஓடவிட்டுப் புல்புல்தாரா. கடைசியில் பாட்டு. ஒவ்வொன்று சேரும்போதும் கேசட்டில் இரைச்சலும் சேர்ந்து, தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு சத்தம் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். ஊரில் வெளியாகும் கேசட்டின் அட்டையில் மாமாவின் பெயருக்குக் கீழே ‘மற்றும் குழுவினர்’ என்று போட்டிருப்பார்கள். அந்தக் குழுவினர் எங்கள் தண்ணீர் கேனும் அம்மாவின் தட்டும்தான் என்பது அருப்புக்கோட்டையில் யாருக்குத் தெரியப்போகிறது!

மாமாவின் பாட்டுகள் எசப்பாட்டு. ஆண் ஒரு கண்ணி பாடி வம்புக்கு இழுக்க வேண்டும். பெண் அதே மெட்டில் பதில் பாடி அவன் மூக்கை உடைக்க வேண்டும். மேடையில் ஒருவர் என்ன பாடப்போகிறார் என்பது மற்றவருக்குத் தெரியாது. அப்போதே கட்டி அப்போதே பாட வேண்டும். மாமாவுக்கு எசப்பாட்டுப் பாடியவர் ஒரு பெண், பக்கத்து ஊர் உறுமிக்காரரின் மகள். இருவரும் சேர்ந்துதான் மேடை மேடையாக ஏறியிருக்கிறார்கள், சேர்ந்துதான் கேசட் போட்டிருக்கிறார்கள். மாமா கடல் தாண்டி வந்துவிட்டார். அந்தப் பெண் ஊரிலேயே இருந்தார்.

ஆனாலும் பாட்டு நிற்கவில்லை. மாமா தன் பங்கை மட்டும் பாடி, அந்தப் பெண் பாட வேண்டிய இடத்தில் வெறும் தாளத்தை ஓடவிட்டு, அந்தப் பாதிப் பாட்டை லீவில் ஊருக்குப் போகும் யார் கையிலாவது கொடுத்து அனுப்புவார். அருப்புக்கோட்டையில் ஒரு மாடி அறையில் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தவர் அதை ஓடவிட, அந்தப் பெண் காலியாக இருக்கும் இடங்களில் தன் பாட்டைப் பாடி நிரப்புவார். சில மாதம் கழித்து முழுப் பாட்டாக எங்களுக்குத் திரும்பி வரும்.

நான் அவரைக் ‘கேசட் அத்தை’ என்று கூப்பிட்டேன். மாமாவோடு சேர்ந்து பாடுகிறவர் அத்தை இல்லாமல் வேறு யார்? ஒன்பது வயதில் எனக்கு அது நல்ல கணக்காகத்தான் பட்டது.

“பாட்டுப் பாடுறவளெல்லாம் உனக்கு அத்தையா? வாய மூடு” என்று அம்மா கத்துவாள். மாமா சிரிப்பை அடக்கிக்கொண்டு டேப்ரெக்கார்டரின் ஹெட்டை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருப்பார். அம்மா இல்லாத நேரத்தில், “எங்க, இன்னொருவாட்டி சொல்லு மருமவளே” என்பார். “கேசட் அத்தை” என்று கத்துவேன். அதற்கு ஒரு சாக்லேட் கிடைக்கும்.

பதிவு நடக்கும்போது என்னை அறையைவிட்டு வெளியே அனுப்பப் பார்ப்பார்கள். அது என் அறை, என் கட்டில், நான் ஏன் போக வேண்டும்? அசைய மாட்டேன். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வேர்க்க வேர்க்கப் பார்த்துக்கொண்டே இருப்பேன். எனக்கு வாய் அதிகம். ஆனால் அந்த நேரத்தில் மட்டும் மூச்சுக்கூட மெதுவாகத்தான் விடுவேன். அப்படிப் பார்த்துத்தான் ஒரு குறையைக் கண்டுபிடித்தேன். அத்தைக்கென்று விட்ட இடம் வந்ததும் மாமாவின் பாட்டு நின்றுவிடும், ஆனால் உதடுகள் நிற்காது. சத்தமே இல்லாமல் ஏதோ பாடிக்கொண்டே இருக்கும். கண் மூடியிருக்கும். தலை லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.

“மாமா, சும்மா இருக்க வேண்டிய எடத்துல ஒங்க வாய் அசையுது” என்று குற்றம் சாட்டினேன்.

“சத்தம் வருதா?”

“வரல.”

“பெறகென்ன?”

விடுவேனா? சமையலறைக்கு ஓடி, “மாமாவுக்குச் சரியா பாட வரலம்மா. நடுநடுவுல வாய் மட்டும் அசையுது, சத்தம் வர மாட்டேங்குது” என்று அம்மாவிடமும் புகார் செய்தேன். அம்மா மாவைக் கரைத்துக்கொண்டே, “அவனுக்கு எதுதான் சரியா வந்துச்சு” என்றாள்.

உண்மையில் அந்த வாயசைப்பில்தான் வித்தையே இருந்தது. அவர் தன் முதல் கண்ணியைப் பாடிவிட்டார். அத்தை அதற்கு என்ன பதில் சொல்வார் என்று தெரிந்தால்தானே அடுத்த கண்ணியைக் கட்ட முடியும்? அத்தையோ கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார், அந்தப் பாட்டை இன்னும் காதால்கூடக் கேட்டிருக்கவில்லை. ஆகவே மாமா அந்தப் பதிலைத் தாமே ஊகித்து, மனதுக்குள் அவர் குரலில் பாடிப் பார்த்து, அதற்குத் தோதாக அடுத்ததைப் பாடினார். நீ கறுப்பி என்று இவர் பாடினால், கம்மாயில் போய் உன் முகத்தைப் பார் என்று அத்தை பாடுவார் எனக் கணக்குப் போட்டு, பார்த்தேன், பக்கத்தில் உன் முகமும் தெரிந்தது என்று அடுத்த கண்ணியை முன்கூட்டியே பாடி வைத்திருப்பார். கேசட் திரும்பி வந்தால், அத்தை கச்சிதமாகக் கம்மாயைத்தான் பாடியிருப்பார்.

“எப்புடி மாப்ள?” என்று அப்பாவே அசந்துபோவார்.

“எத்தன வருசம் ஒரே மேடையில நின்னுருக்கோம் அத்தான்! அது வாயத் தொறக்கும்போதே எனக்குத் தெரிஞ்சுரும்.”

ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அதனால் கேசட் வரும் நாள் எங்கள் வீட்டில் பண்டிகை மாதிரி. பொருந்தியதா இல்லையா என்று கேட்க எல்லோரும் ஹாலில் கூடிவிடுவோம்.

அவர்களுக்குள் பேச்சு வேறு எப்படி இருந்தது என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். பேச்சே இருந்திருக்காது. அந்த ஊரில் போன் இருந்தது ஒரு பெட்டிக்கடையில் மட்டும். காலையில் அதில் பேசினால் சாயங்காலத்துக்குள் எங்கள் தாத்தா காதுக்குப் போய்விடும். கடிதம் போட்டால் கேசட் அத்தையின் அண்ணன் கையில்தான் முதலில் விழும். பாட்டை மட்டும் யாராலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. தொழில் அல்லவா!

மாமாவுக்கு விசா எடுத்துக் கொடுத்தது அப்பா. எடுத்தே தீர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது அம்மா. “அவுக வேற, நாம வேற. நாலு வருசம் கண்காணாம இருந்தா எல்லாம் சரியாப் போயிரும்” என்று அம்மா அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். இதெல்லாம் பல வருடம் கழித்து அம்மாவே சொல்லித் தெரிந்துகொண்டவை. அன்றைக்கு நான், பஹ்ரைனில் ஏசிகள் அதிகம், அதனால் மாமா வந்திருக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த வருடம் மாமாவுக்குத் தீபாவளிக்கு லீவு என்று முடிவாயிற்று. வந்த பிறகு முதல் லீவு. ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் வந்தவர் தோசையைக்கூட ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஏசிகளை அணைத்தார், ஃபிரிட்ஜைப் பிடுங்கினார், புதுப் பாட்டைப் பாடத் தொடங்கினார். முதல் இரண்டு கண்ணிகள் வழக்கமான வம்புதான். மூன்றாவதில் குரல் கொஞ்சம் இறங்கிற்று.

‘தீவாளிக்கு நானும் வாரேன் காத்திருப்பியா?
கம்மாக்கரைப் புளியமரத்தில் பாத்திருப்பியா?’

பிறகு அத்தைக்கான இடம். தண்ணீர் கேன் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. மாமாவின் உதடுகள் அசைந்தன. அவர் எந்தப் பதிலைப் பாடிப் பார்த்தார் என்பது அடுத்த கண்ணியிலேயே தெரிந்துவிட்டது.

‘அந்த ஒரு சொல்லு போதும் அலுப்பு தீந்துச்சு
ஆசையாக வளையல் வாங்கக் காலு ஓடுச்சு
பச்சையா செவப்பா சொல்லு, பொட்டி கட்டணும்
பரிசம் போட ஆளக் கூட்டி வாசல் தட்டணும்’

கடைசியாக அத்தைக்கு இன்னுமோர் இடம் விட்டு, உடுக்கையை ஒரு உருட்டு உருட்டி முடித்தார். “கலாஸ், முடிஞ்சது” என்று டேப்பை நிறுத்தினார். நெற்றியிலிருந்து வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது. “பச்சையா, செவப்பா? நீ சொல்லு மருமவளே” என்றார். நான் நீலம் என்றேன். “பாட்டுக்கு ஒத்து வராதே” என்று சிரித்தார். அறை வாசலில் நின்றிருந்த அம்மா சிரிக்கவில்லை. கையிலிருந்த ஃபிரிட்ஜ் தண்ணீரை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

கேசட்டை எடுத்துப் போனவர் மாமாவின் ரூமில் கூட இருந்தவர், பக்கத்து ஊர்க்காரர். நான் அவரை அண்ணன் என்பேன். அவர் லீவு முடிந்து வரும்வரை மாமா படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. வெள்ளிக்கிழமை தவறாமல், “இப்ப ரெக்கார்டிங் கடையில குடுத்துருப்பான்”, “இப்ப அது பாடியிருக்கும்” என்று தானாகப் பேசிக்கொள்வார். அம்மா சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரில் தாளைக் கிழிக்கும் உரிமை என்னுடையது. மாமா வந்தால் அந்த உரிமையையும் பறித்துக்கொண்டு, கிழித்த தாளைத் திருப்பித் திருப்பிப் படிப்பார்.

இடையில் எதிர்வீட்டு பஹ்ரைனிக் குடும்பத்தில் ஒரு கல்யாணம் வந்தது. தெருவை அடைத்துக் கூடாரம் போட்டார்கள். எங்களுக்கும் ஒரு பெரிய தாம்பாளத்தில் சோறும் கறியும் வந்தது. பெண்கள் எல்லோரும் சேர்ந்து நாக்கைச் சுழற்றி ஒரு சத்தம் எழுப்பினார்கள். எனக்குக் காது கூசியது, ஆனால் பிடித்திருந்தது. இது என்ன சத்தம் என்று அம்மாவைக் கேட்டேன்.

“கல்யாணச் சத்தம். நம்மூர்லயும் உண்டு, குலவைன்னு சொல்லுவோம்” என்றாள் அம்மா. இரண்டு நாள் அதை நானும் போட்டுப் பார்த்தேன். எச்சில்தான் தெறித்தது.

ஒருவழியாக அண்ணன் திரும்பி வந்தார். அந்த வெள்ளிக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு மாமா வந்தார். அம்மா இடியாப்பம் அவித்திருந்தாள். அண்ணன் ஊரிலிருந்து கொண்டுவந்த கருவாடு, சேவு, காரப்பொரி எல்லாம் மேசையில் கிடந்தன. கேசட்டை மட்டும் அவர் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்.

“குடுறா, போட்டுப் பாப்போம்.”

“மொதல்ல நீ தனியாக் கேட்டுக்கயேன்” என்றார் அண்ணன்.

“என்னய்யா தனியா? இந்த வீட்ல அவிஞ்சது நாங்க எல்லாரும். எல்லாரும் சேந்துதான் கேப்போம்” என்றார் அப்பா. நான் அதற்குள் ஹால் ஏசியை அணைத்துவிட்டேன். அண்ணன் கேசட்டைக் கொடுத்துவிட்டு இடியாப்பத்துக்குத் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு தலையை நிமிர்த்தவே இல்லை.

முதல் கண்ணி ஓடியது. அத்தையின் பதில் அப்படியே பொருந்தியது. அப்பா தொடையில் தட்டினார். இரண்டாவதும் பொருந்தியது. மாமா டேப்ரெக்கார்டருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது கண்ணியில் அவர் குரல், காத்திருப்பியா, பாத்திருப்பியா என்று கேட்டது. தண்ணீர் கேன் தட்டியது. ஹாலில் உட்கார்ந்திருந்த மாமாவின் உதடுகள் அத்தையோடு சேர்ந்து பாடத் தயாராக அசைந்தன. பாட்டு வேறாக வந்தது.

‘கம்மாக்கரைப் புளியமரம் காச்சு உதுந்துச்சு
காத்திருந்த காலு ரெண்டும் அசலூர் போகுது
ஆவணிக்குப் பந்தல் போட அளந்து போனாக
அடுத்த பாட்டு பாட வேற ஆளப் பாருங்க’

குரலில் ஒரு நடுக்கம் இல்லை. எப்போதும் போலக் கணீரென்றுதான் இருந்தது. மாமாவின் உதடுகள் மட்டும் பாதியில் நின்றுபோயின. அடுத்த நொடியே கேசட்டுக்குள்ளிருந்த மாமா துள்ளிக்கொண்டு வந்தார். ‘அந்த ஒரு சொல்லு போதும் அலுப்பு தீந்துச்சு.’

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், அவர் பாட்டைப் பாட்டாகத்தான் கேட்டார். “என்ன மாப்ள, அந்தப் பிள்ள என்னமோ சொல்லுது, நீரு என்னமோ பாடுறீரு!” என்றார். எனக்கும் சிரிப்பு. மாமா முதல் தடவையாகத் தப்பு விட்டிருக்கிறார், சும்மாவா! கேசட் மாமா பச்சையா சிவப்பா என்று கேட்டார், பெட்டி கட்டினார், பரிசம் போட ஆள் கூட்டினார். தரையில் உட்கார்ந்திருந்த மாமா சமையலறைப் பக்கம் திரும்பிக் காலண்டரைப் பார்த்தார். ஆவணி முடிய நாலைந்து தாள்தான் பாக்கி இருந்தது.

கடைசியாக அத்தைக்கென்று விட்ட இடம் வந்தது. அவர் அதில் பாடவில்லை. ஒரு குலவை போட்டார். நீளமாக, மூச்சு முட்டும்வரை, தனியாக ஒருத்தி போடும் குலவை. உடுக்கை உருண்டது, பாட்டு முடிந்தது.

“ஐ! கல்யாணச் சத்தம்” என்று நான் குதித்தேன். “யாருக்குக் கல்யாணம் மாமா?”

அண்ணனின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா கையிலிருந்த தேங்காய்ப்பால் கிண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

“ஊர்ல யாருக்கோ, மருமவளே” என்றார் மாமா. பிறகு, “ஏசியப் போடு. வேர்க்குது” என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொற்களை நாங்கள் அதுவரை கேட்டதே இல்லை.

அன்று சாயங்காலம் வரை அவர் எங்கள் வீட்டு ஏசிகளைக் கழற்றிச் சுத்தம் செய்தார். அப்பா எத்தனையோ மாதமாகக் கெஞ்சிக்கொண்டிருந்த வேலை. ஃபில்டரைக் கழுவினார், தகடுகளை பிரஷ் போட்டுத் தேய்த்தார், கறுப்புத் தண்ணீர் வாளி வாளியாக வந்தது. கிளம்பும்போது இரண்டு ஏசியும் ஐஸ் மாதிரிக் காற்று விட்டன. கேசட்டை எடுத்துப்போக மறந்துவிட்டார். மறந்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

அந்தப் பாட்டுதான் மாமாவின் வாழ்க்கையிலேயே பெரிதாக ஓடியது. ரெக்கார்டிங் கடைக்காரர் பொருந்தாததை அப்படியே வெளியிட்டுவிட்டார். ஜனங்களுக்கு அது தலைகால் புரியாத தமாஷ். பெண் வேறொருவனைக் கட்டிக்கொண்டு போகிறேன் என்கிறாள், இவன் காதில் வாங்காமல் வளையலுக்கு நிறம் கேட்கிறான்! கல்யாண வீடு, காதுகுத்து, மினி பஸ் எல்லாவற்றிலும் அதுதான். அதைச் செவிட்டு மாப்பிள்ளை பாட்டு என்றே சொன்னார்கள். பஹ்ரைனிலும் பொங்கல் விழா மேடையில் மாமாவைப் பாடச் சொன்னார்கள். குளச்சல் பக்கத்து நர்ஸ் அக்கா ஒருவர் அத்தையின் பதிலைப் பாட, மாமா காதைக் கையால் குவித்துக்கொண்டு, கேட்காதவர் மாதிரி தலையை ஆட்டி ஆட்டி அடுத்த கண்ணியைப் பாடினார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. முதல் வரிசையில் நான்தான் அதிகம் சிரித்தேன். என் மாமா அல்லவா!

இப்போது மாமா ஊரில்தான் இருக்கிறார். குழு வைத்திருக்கிறார், நிஜமான ஆட்களோடு. கல்யாணமும் ஆயிற்று. கட்டிக்கொண்டு வந்த அத்தை தங்கமானவர், அவருக்குச் சீரியல்தான் உயிர், பாட்டு என்றால் கொட்டாவி வரும். போன வருடம் ஊருக்குப் போயிருந்தபோது மினி பஸ்ஸில் அந்தப் பாட்டைக் கேட்டேன். சுற்றிலும் சிரித்தார்கள். அந்தக் குலவையைக் கேட்டபடியே இறங்க வேண்டிய நிறுத்தத்தையும் தாண்டிப் போய்விட்டேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தக் கேசட் வந்து சில வாரம் கழித்து வந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி. ரெக்கார்டிங் கடைக்காரர் அடுத்த பாட்டு கேட்டு அனுப்பியிருந்தார். பதில் பாட வேறொரு பெண்ணைப் பார்த்தாயிற்றாம். மாமா வந்தார். எண்ணெய் வைத்த தலை, இஸ்திரி போட்ட சட்டை. ஏசிகளை அணைத்தார், ஜன்னலை அடைத்தார், ஃபிரிட்ஜைப் பிடுங்கினார். நான் என் கட்டிலில் சம்மணம் போட்டேன். ஒரு கண்ணி பாடினார். பதிலுக்கான இடம் வந்தது. கேன் தட்டிக்கொண்டிருந்தது.

மாமாவின் உதடுகள் அசையவில்லை. கண்ணும் மூடவில்லை. சுவரைப் பார்த்தபடி, தன் முறை வரும்வரை, அப்படியே உட்கார்ந்திருந்தார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், ஒருவழியாகத் திருந்திவிட்டாரே! சத்தமில்லாமல் கட்டிலிலிருந்து இறங்கி, சமையலறைக்கு ஓடினேன்.

“அம்மா, மாமா இப்பத்தாம்மா சரியாப் பாடுறாரு. நடுவுல வாயே அசையல.”

அம்மா தாளித்துக்கொண்டிருந்தாள். கரண்டியைப் போட்டுவிட்டு அடுப்பை அணைத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். துடைத்தாள், மறுபடி பொத்திக்கொண்டாள். முகம் முழுக்க நனைந்திருந்தது. ஐயோ, அம்மாவுக்கு எவ்வளவு வேர்க்கிறது என்று எனக்குப் பாவமாகிவிட்டது. அறைக்குள் ஓடி, மாமா திட்டினால் திட்டட்டும் என்று, ஏசியைப் போட்டேன்.

கேசட் ஓடிக்கொண்டிருந்தது. புதிதாகப் பார்த்திருந்த பெண் பாட விட்டிருந்த இடத்தில் ஏசிச் சத்தம் போய் விழுந்தது. மாமா திரும்பி என்னைப் பார்த்தார். அணைக்கச் சொல்லவே இல்லை.